ரைசன் 5800எக்ஸ், 5800எக்ஸ்3டி: ஒரே போர்டில் இரண்டு சிப்பையும் ஓட்டிய அனுபவம்

ஏஎம்டி-யின் ரைசன் 7 5800எக்ஸ் ப்ராசஸரை ஓராண்டுக்கு மேல் ஓட்டிவிட்டு, அதே மதர்போர்டில் 5800எக்ஸ்3டி-யை மாட்டிப் பயன்படுத்தி வருகிறேன். பயோஸை மட்டும் அப்டேட் செய்தேன். ரேம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, கூலர் எதையும் மாற்றவில்லை. அதனால் கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் முழுக்க ப்ராசஸருடையதுதான்.

ஸ்பெக்கை மட்டும் பார்த்தால் பழையதுதான் வேகம். 2020 நவம்பரில் வந்த 5800எக்ஸின் கிளாக் வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். 2022 ஏப்ரலில் வந்த 3டி 4.5-லேயே நின்றுவிடும். மல்டிப்ளையரை ஏற்றி ஓவர்கிளாக் செய்யவும் (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டவும்) அதில் வழியில்லை. மற்றபடி இரண்டுமே ஜென் 3 வடிவமைப்பு, 8 கோர், 16 த்ரெட், 105 வாட் டிடிபி (கூலரைத் தேர்வு செய்ய நிறுவனம் சொல்லும் சூட்டு அளவு). முக்கியமான மாற்றம் எல்3 கேஷில்தான் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு மெமரி): 32 எம்பி இருந்த இடத்தில் 96 எம்பி. கூடுதல் 64 எம்பி-யைத் தனிச் சிலிக்கான் துண்டாகச் செய்து, கோர்கள் இருக்கும் சிப்லெட்டின் (ப்ராசஸருக்குள் இருக்கும் சிறு சிப்) மேலேயே அடுக்கியிருக்கிறார்கள்.

இதனால் என்ன லாபம்? ஜென் 3-இல் எல்3 கேஷிலிருந்து ஒரு தகவலை எடுக்க 10 நானோ நொடி அளவுக்கு ஆகும். அது கேஷில் இல்லையென்றால் ரேம் வரை போக வேண்டும். அதற்கு 60, 70 நானோ நொடி ஆகிவிடும். அவ்வளவு நேரமும் கோர் சும்மா காத்திருக்கிறது. கிளாக் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் காத்திருக்கும் கோரால் பயனில்லை.

இதை ஃபேக்டோரியோ என்ற தொழிற்சாலை கட்டும் கேமை விளையாடும்போது நன்றாகப் பார்க்கலாம். பெல்ட், இன்செர்ட்டர், ரோபோ என ஆயிரக்கணக்கான பொருள்களின் நிலையை அந்த கேம் நொடிக்கு 60 முறை கணக்கிட வேண்டும். அவற்றின் தகவல் மெமரியில் அங்கங்கே சிதறிக் கிடக்கும். 5800எக்ஸில் என் தொழிற்சாலை ஓர் அளவுக்கு மேல் வளர்ந்ததும் 60-ஐப் பிடிக்க முடியாமல் திணற ஆரம்பித்தது. அதே சேவ் ஃபைலை 3டி-யில் திறந்தால் 60-லிருந்து அசையவே இல்லை, இன்னும் விரிவாக்கவும் இடம் கிடைத்தது. ஆனால் மேப் மிகப் பெரிதாகிவிட்டால் 96 எம்பி-யும் போதாது. அப்போது இரண்டுக்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிடும்.

ஃப்ளைட் சிமுலேட்டரில் வேறு மாதிரியான லாபம். நெருக்கமான நகரத்துக்கு மேலே தாழப் பறந்து தரையிறங்கும்போது கேமராவைச் சட்டென்று திருப்பினால், 5800எக்ஸில் படம் ஒரு கணம் தடுக்கி நின்று பிறகு ஓடும். 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 ஃப்ரேம்) என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி நொடிதான் அவகாசம். ஒரே ஒரு ஃப்ரேம் அதைப் போல் இரண்டு மடங்கு எடுத்துக்கொண்டாலும் கண் பிடித்துவிடும், சராசரி எஃப்பிஎஸ்ஸிலோ அது தெரியாது. 3டி-க்கு மாறிய பிறகு இந்தத் தடுக்கல் பெருமளவு போய்விட்டது. என்னைக் கேட்டால், இந்தச் சிப்பை வாங்க இது ஒன்றே போதுமான காரணம். அதனால்தான் ரிவ்யூக்களில் சராசரியை விட்டுவிட்டு 1% லோ எண்களை (மிக மெதுவான 1% ஃப்ரேம்களின் வேகம்) முதலில் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்புறம், 4கே-யில் எல்லா செட்டிங்கையும் ஏற்றிவைத்து விளையாடுபவர்களுக்குப் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுதான் தடை. அங்கே இரண்டு சிப்பும் ஏறத்தாழ ஒன்றுதான்.

வேலை என்று வந்தால் கதை வேறு. ஹேண்ட்பிரேக்கில் எச்.265 வீடியோ என்கோடிங், பிளெண்டர் ரெண்டரிங் இரண்டிலும் 5800எக்ஸ் கொஞ்சம் முந்துகிறது. இந்த வேலைகளுக்குக் கூடுதல் கேஷ் பெரிதாக உதவுவதில்லை, கிளாக்தான் பேசும். பிரவுசர், ஆபீஸ் வேலைகளில் எது எந்தச் சிப் என்று சொல்லவே முடியாது.

சூட்டைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். 5800எக்ஸ் முழு லோடில் 142 வாட் வரை இழுக்கும். கோர்களின் சூடு முழுவதும் 80 சதுர மில்லிமீட்டர் அளவுள்ள ஒரே சிப்லெட்டில் குவிவதால், நல்ல கூலர் இருந்தும் 90 டிகிரி எல்லையை எளிதில் தொடும். பயோஸில் உள்ள கர்வ் ஆப்டிமைசர் என்ற செட்டிங்கில் வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்தால் நன்றாகவே அடங்குகிறது. 3டி குறைந்த வோல்டேஜில் ஓடுவதால் முழு லோடில் அவ்வளவு மின்சாரம் எடுப்பதில்லை. ஆனாலும் டெம்பரேச்சர் அதே விகிதத்தில் இறங்கிவிடாது. கோர்களுக்கு மேலே உயரத்தைச் சமன் செய்ய வெறும் சிலிக்கான் துண்டுகளை வைத்திருக்கிறார்கள். சூடு அவற்றையும் தாண்டித்தான் கூலருக்கு வர வேண்டும். இரண்டுக்குமே பெட்டியில் கூலர் வராது, அதற்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

3டி-யில் எனக்கு மிகவும் பிடித்த குணம், ரேம் வேகத்தைப் பற்றி அது அதிகம் கவலைப்படாதது. 5800எக்ஸில் டிடிஆர்4-3200-லிருந்து 3600-க்கு ஏற்றியபோது கேம்களில் பலன் தெரிந்தது. 3டி-யில் அதே மாற்றம் கிட்டத்தட்ட உறைக்கவே இல்லை.

ஏற்கெனவே ஏஎம்4 போர்டும் (இந்தச் சிப்கள் பொருந்தும் சாக்கெட் உள்ளது) டிடிஆர்4 ரேமும் வைத்துக்கொண்டு, சிமுலேஷன், ஸ்ட்ராட்டஜி கேம்களில் நேரம் செலவிடுபவர் என்றால் தயங்காமல் 3டி-க்குப் போகலாம். ரெண்டரிங்தான் பிழைப்பு என்றால் அந்தப் பணத்தை 12 கோர் 5900எக்ஸில் போடுங்கள். என் 5800எக்ஸை இன்னொரு கணினியில் 65 வாட் டிடிபி-க்கான ஈகோ மோடில் (மின்சாரத்தைக் குறைத்து ஓட்டும் செட்டிங்) வைத்து என்கோடிங்குக்கு விட்டிருக்கிறேன். முழு லோடிலும் 88 வாட்டைத் தாண்டாமல், வேகத்தில் கொஞ்சம் மட்டுமே விட்டுக்கொடுத்து, ஃபேன் சத்தமும் இல்லாமல் ஓடுகிறது.