குலசேகரம் ரோட்டு அன்னாசி: எதை வாங்கலாம், எதை விடலாம்

குமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்தில் இருந்து குலசேகரம் போய்த் திற்பரப்புப் பக்கம் திரும்புகிற ரோட்டில், தார்ப்பாய் விரித்தும் மினி லாரியில் குவித்தும் அன்னாசி விற்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு இது கைதச்சக்கை. கைதை என்றால் தாழை. மடலைப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் புரியும். மார்ச் முதல் மே வரை வெயிலில் முற்றி, செடியிலேயே நிறம் எடுத்து, வெட்டிய மறுநாள் கடைக்கு வந்த பழம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் குவியலில் இருப்பதெல்லாம் அப்படிப்பட்டதல்ல. சிக்கல் அங்கேதான்.

இங்கே விளைவது பெரும்பாலும் மொரீஷியஸ் ரகம். இலை ஓரம் முழுக்க முள், பழத்தில் கண்கள் ஆழம், சதை பொன்மஞ்சள், கடித்தால் நறுக்கென்று இருக்கும். நன்றாக வந்த பழம் 1.3 முதல் 1.6 கிலோ. மலைப்பகுதிகளில் இருந்து வரும் கியூ ரகம் இதைவிடப் பெரிது. அதற்குச் சாறு அதிகம், கண்ணும் மேலாக இருப்பதால் சீவச் சுலபம். மணத்தில் மட்டும் மொரீஷியஸை எட்டாது. சாறு பிழியக் கியூ, கையில் எடுத்துத் தின்ன மொரீஷியஸ்.

இதற்கென்று தனித் தோட்டம் வைப்பவர்கள் குறைவு. பழைய ரப்பரை வெட்டி மறுநடவு செய்தால் முதல் மூன்று, நாலு வருஷம் நிலத்தில் வெயில் விழும். அந்த இடைவெளியில்தான் அன்னாசி. நிலத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு எடுப்பவர்களில் கேரளத்து வாழக்குளம், மூவாற்றுப்புழைப் பக்கத்துக்காரர்களும் உண்டு. ரப்பர் வளர்ந்து நிலத்தை நிழல் மூடியதும் அவர்கள் அடுத்த நிலம் தேடிப் போய்விடுவார்கள். போன வருஷம் பழம் குவிந்த இடத்தில் இந்த வருஷம் கடையே இல்லை என்றால் காரணம் இதுதான்.

நடவுக்கு எடுப்பது அரை கிலோவில் இருந்து ஒரு கிலோ வரை எடையுள்ள பக்கக்கன்று. அடி மடல்களை உரித்து, ஒரு வாரம் நிழலில் போட்டு, அழுகல் வராமல் இருக்க ஒரு சதவீத போர்டோ கலவையில் (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து) முக்கி நடுவார்கள். சின்னதையும் பெரியதையும் கலந்து நட்டால் தோட்டம் ஒரே சீராக வளராது. அது பிறகு வரும் முக்கியமான வேலையைக் கெடுக்கும்.

அந்த வேலை பூ மருந்து. அன்னாசியைத் தன் போக்கில் விட்டால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு நேரத்தில் பூக்கும். அதனால் நட்ட ஏழு, எட்டு மாதத்தில், 39 முதல் 42 இலை வந்ததும் எத்திபான் கொடுக்கிறார்கள். 20 லிட்டர் தண்ணீருக்கு 40 சதவீத மருந்து 1.25 மில்லி, யூரியா 400 கிராம், கால்சியம் கார்பனேட் 8 கிராம். செடிக்கு 50 மில்லி, நடுக்குருத்தில் ஊற்ற வேண்டும். கார்பனேட் எதற்கென்றால், கரைசலின் புளிப்பைக் குறைத்தால்தான் மருந்தில் இருந்து எத்திலீன் என்ற, பூக்கத் தூண்டும் வாயு வெளியே வரும். ஊற்றிய கையோடு மழை பெய்தால் எல்லாம் வழிந்து போகும். இரண்டு பருவமழையும் பெய்கிற இந்த மாவட்டத்தில் மழை இல்லாத நாள் பார்ப்பதே பாதி வேலை. இலை போதாத செடிக்கு அவசரப்பட்டு ஊற்றினால் பழம் கைக்குள் அடங்கிவிடும். எல்லாம் சரியாக நடந்தால் மருந்து ஊற்றி 40 நாளில் பூ, ஊற்றியதில் இருந்து 130, 135 நாளில் வெட்டு. ஒரே நாள் மருந்து கண்ட செடியெல்லாம் ஒன்றாகத்தான் விளையும். ரோட்டோரத்தில் திடீரென்று பழம் குவிந்து விலை இறங்குவது அப்படித்தான்.

இனி வாங்குகிறவர் பார்க்க வேண்டியது. அன்னாசியில் மாவுச்சத்துச் சேமிப்பு கிடையாது. மாம்பழம், வாழைப்பழம் மாதிரி வெட்டிய பிறகு இனிப்பு ஏறாது. வெட்டின அன்றைக்கு என்ன இனிப்போ அதோடு சரி. தொலைதூரச் சந்தைக்குப் போவதைப் பச்சையாகத்தான் வெட்ட முடியும். பழுத்ததை ஏற்றினால் மூன்று, நாலு நாளில் ஒழுகத் தொடங்கிவிடும். விவசாயியைக் குறை சொல்ல வழியில்லை. ஆனால் அந்தப் பச்சையில் மிஞ்சியதற்கு எத்திபான் தெளித்து மஞ்சளாக்கி ரோட்டில் விற்பதுதான் தப்பு. தோல் மஞ்சளாகும், உள்ளே புளிப்பு அப்படியே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பழத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். செடியில் பழுப்பது அடியில் இருந்து மேலே ஏறும். அடிக் கண்கள் நல்ல மஞ்சள், நடுவில் மங்கல், கொண்டைப் பக்கம் கொஞ்சம் பச்சை என்று படிப்படியாக இருந்தால் சரி. அடி முதல் கொண்டை வரை வர்ணம் அடித்த மாதிரி ஒரே மஞ்சள், ஆனால் காம்பு வெட்டிய இடத்தில் மணமே இல்லை என்றால் வைத்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் வெளிறி, அழுத்தினால் சோளத்தக்கை மாதிரி இருப்பது வெயில் சுட்ட பழம். கோடையில் ஓலையோ வைக்கோலோ போட்டு மூடாமல் விட்டதன் பலன். அந்தப் பக்கச் சதை சப்பென்று இருக்கும். கண் இடுக்கில் பஞ்சு மாதிரி ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. கழுவினால் போய்விடும், பயப்பட வேண்டாம். செடிக்கு மட்டும் அது பெரிய சனியன். எறும்பு சுமந்து கொண்டுபோய்ப் பரப்பும், இலை சிவந்து நுனி காயும், பழம் சிறுக்கும்.

சிறிய பழம் என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். மறுதாம்புச் செடியின், அதாவது முதல் வெட்டுக்குப் பிறகு அதே அடியில் இருந்து தழைத்ததின் பழம் இயல்பாகவே சிறியது, இனிப்புக்குக் குறைவில்லை. ஜூன், ஜூலை மழையில் வெட்டியதுதான் நீர்த்துப் புளிக்கும். அந்த மாதங்களில் விலை இறங்கினாலும் ஒன்றுக்கு மேல் வாங்காதீர்கள்.

கடைகளின் சேவை பற்றி இரண்டு குறை. ஒன்று, கொண்டையோடு எடை போடுகிறார்கள். தோலும் கண்ணும் தண்டும் போனால் வாய்க்கு வருவது ஏறக்குறைய பாதிதான். கொண்டைக்கும் காசு கொடுப்பது அநியாயம். முறித்துவிட்டு நிறுக்கச் சொன்னால் பலர் மறுப்பதில்லை. இரண்டாவது, வட்டத் துண்டு. அடித் துண்டு தேன், கொண்டைப் பக்கத்துத் துண்டு புளி. தட்டில் எது விழும் என்பது அதிர்ஷ்டம். நீளவாக்கில் கீறித் தரச் சொல்லுங்கள், எல்லாத் துண்டிலும் அடியும் நுனியும் வரும். சீவுகிற கை மட்டும் இங்கே அபாரம். கண்கள் சாய்வாக வரிசை கட்டியிருக்கும். அந்தச் சாய்விலேயே கத்தியை இரண்டு பக்கமும் சரித்து வாய்க்கால் எடுப்பார்கள். ஆழக் கண் உள்ள மொரீஷியஸில் சதை வீணாகாமல் இருக்க வேறு வழி இல்லை.

முழுப் பழத்தை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், குளிர் அதிகமானால் உள்ளே தண்டை ஒட்டிப் பழுப்பேறும். பச்சையாய் ஒன்று மாட்டிக்கொண்டால் பச்சடிக்கு ஆகும், கல்யாணப் பந்தியில் வைப்பார்களே, அதுதான். துண்டுகளை மஞ்சள்தூள், உப்புப் போட்டு நன்றாக வேகவிட்டு, தேங்காயும் கடுகும் அரைத்துச் சேர்த்து, இறக்கி ஆறிய பிறகே தயிர் ஊற்ற வேண்டும். வேகாத அன்னாசியில் தயிர் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் கசந்துவிடும்.