உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’: இந்த மாதம் படித்துக்கொண்டிருப்பது

இந்த மாதம் முழுக்க என் கையில் இருப்பது உ.வே.சாமிநாதையர் எழுதிய சுயசரிதை, ‘என் சரித்திரம்’. பள்ளிக்கூடப் பாடத்தில் ‘தமிழ்த் தாத்தா’ என்று ஒரு பக்கம் படித்து, தலைப்பாகை கட்டிய படத்தைப் பார்த்து, அத்தோடு அவரைத் தெரியும் என்று நினைத்திருப்பவர்கள் எல்லாரும் இதை எடுத்துப் படிக்க வேண்டும். இதில் பாதி தூரத்துக்கு வருவது, பாடம் சொல்லித்தர நல்ல ஆசிரியர் கிடைக்க மாட்டாரா என்று அப்பாவோடு ஊர் ஊராக அலைகிற ஒரு பையன்.

தொடக்க அத்தியாயங்கள் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். உறவுக்காரர்கள், ஊர்கள், யார் வீட்டில் எத்தனை நாள் தங்கினார்கள் என்று நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள். 1871இல் மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்கிறாரே, அதற்கப்புறம் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. 1876இல் பிள்ளை இறக்கும் நேரத்தில் அருகில் உட்கார்ந்து திருவாசகத்தின் அடைக்கலப்பத்தைப் படிக்கிற இடத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் என் குரல் உடைந்துவிட்டது, மிச்சத்தை அவர்களே புத்தகத்தை வாங்கிப் படித்தார்கள்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய இடம் 1880 அக்டோபரில் வருகிறது. அப்போது அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர், வயது 25. ஊருக்குப் புதிதாக முன்சீபாக வந்திருக்கும் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கடைசியில், சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்கிறார். இவர் அவற்றைப் படித்ததில்லை, படிக்கப் புத்தகமும் கிடைத்ததில்லை. அந்தச் சந்திப்பில் தனக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தை அறுபது வருஷம் கழித்து எழுதும்போதும் பூசி மெழுகாமல் அப்படியே சொல்கிறார் பாருங்கள், அதற்காகவே இந்த மனிதரைக் கும்பிடலாம். அப்புறம் முதலியார் கொடுத்த கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு, அது ஜைன காவியம் என்பதால் புரியாத இடங்களுக்குக் கும்பகோணத்து ஜைனர்களின் வீடு தேடிப் போய்க் கேட்டுக் கேட்டு, 1887இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவருகிறார். பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு என்று வரிசையாக வருகின்றன. இன்று நாம் புறநானூற்றை ஒரு சொடுக்கில் திறந்து படிக்கிறோம் என்றால், அந்த ஒரு கேள்விக்கும் அதில் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

மனசு பதறும் பக்கங்களும் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனால், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம் என்கிறார்கள். அதைப் படித்த அன்று அடுத்த அத்தியாயத்துக்குப் போகவே முடியவில்லை.

நடை பற்றிப் பயம் வேண்டாம். ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்தது, அதனால் அத்தியாயங்கள் சின்னச் சின்னதாக இருக்கும், வடசொல் கலந்த அந்தக் காலத்துப் பேச்சு இரண்டு நாளில் பழகிவிடும். நான் வாங்கிய பதிப்பில்தான் எழுத்து ரொம்பப் பொடி, பைண்டிங்கும் ஒரு வாரத்தில் விட்டுப்போய்ப் பசை தடவ வேண்டியதாயிற்று. கடையில் வாங்குவதற்கு முன் நடுப்பக்கத்தை விரித்துப் பார்த்துவிடுங்கள். இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது.

1942இல் அவர் மறைந்ததால் கதை மணிமேகலைப் பதிப்பை ஒட்டிய காலத்திலேயே நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள, அவருடைய மாணவர் கி.வா.ஜகந்நாதன் எழுதிய ‘என் ஆசிரியப்பிரான்’ இருக்கிறது. அடுத்து அதைத்தான் எடுக்கப்போகிறேன், நல்ல பிரதி எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.