டிஸ்க் இல்லாத கேம் கன்சோல் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: என் 41,780 ரூபாய் போயே போய்விட்டது

சற்று முன்புதான் அந்த மெயில் வந்தது. கன்சோல் கம்பெனியின் ஸ்டோரில் இருக்கும் என் கணக்கை நிரந்தரமாக முடக்கிவிட்டார்களாம், இது இறுதி முடிவாம், இனிமேல் இதைப் பற்றி நான் என்ன எழுதினாலும் பதில் வராதாம். எழுதியவர் பெயர்கூட அதில் இல்லை. நான் 41,780 ரூபாய் கொடுத்து வாங்கிய கேம்கள் அத்தனையும் அந்த ஒரு மெயிலோடு போயின. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிய பிறகு எழுதினால் எல்லாரையும் போல நானும் "சரி, விடு" என்று விட்டுவிடுவேன்.

கம்பெனி பெயரைப் போடவில்லை. புகார் நடக்கும்போது பெயர் வேண்டாம் என்று வக்கீல் நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். உலகம் முழுக்க கன்சோல் விற்கிற ஒரு நிறுவனம், அதற்கென்று சொந்தமாக ஓர் ஆன்லைன் ஸ்டோர். இவ்வளவு தெரிந்தால் போதும். நீங்கள் எந்தக் கன்சோல் வைத்திருந்தாலும் அதன் ஒப்பந்தத்தைத் திறந்து பாருங்கள். கேமை உங்களுக்கு விற்றதாக அதில் இருக்காது, விளையாட உரிமம் கொடுத்ததாகத்தான் இருக்கும்.

கன்சோலை வாங்கியது கோயம்புத்தூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில். டிஸ்க் போடுகிற மாடலும் இருந்தது, டிஸ்க் டிரைவே இல்லாத மாடலும் இருந்தது. எனக்கு முதலாவதுதான் வேண்டும் என்று போனேன். பழைய கன்சோலில் டிஸ்க்காக வாங்கி, முடித்ததும் விற்று, அந்தக் காசில் அடுத்தது வாங்கிப் பழகியவன் நான். கடையில் இருந்த பையன் ரொம்ப அக்கறையாகத்தான் பேசினான். "டிஸ்க் எதுக்குங்ணா? கீறல் விழும், குழந்தைங்க உடைச்சுடும், ஆருக்காவது குடுத்தா திரும்பி வராது. அக்கவுண்ட்ல வாங்கிட்டீங்கன்னா ஆயுசுக்கும் உங்களுதுங்ணா. கன்சோல் போனாக்கூட புதுசுல லாகின் பண்ணா எல்லாம் அப்படியே வந்துரும்." தன் போனை எடுத்து அவனுடைய கணக்கையே காட்டினான். வரிசையாக கேம் படங்கள். விலையும் குறைவு. நம்பினேன். பெட்டியின் மேலும் ஸ்டோரிலும் எங்கு பார்த்தாலும் "வாங்குங்கள்" என்றுதான் போட்டிருந்தது. "நாங்கள் விரும்பும்வரை வைத்துக்கொள்ளுங்கள்" என்று எங்கேயும் பெரிய எழுத்தில் போடவில்லை.

அதற்கப்புறம் சில வருஷங்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொன்றாக வாங்கினேன். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, தி விட்சர் 3, எல்டன் ரிங், அதன் கூடுதல் பாகம், அண்ணன் பையனுக்காக மைன்கிராஃப்ட், நடுவில் தள்ளுபடியில் வந்த சின்னச் சின்ன கேம்கள். நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரி லேபில், பாதி நாள் நைட் ஷிப்ட். வீட்டுக்கு வந்து உடனே தூக்கம் வராது. அந்த ஒரு மணி நேரம் எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது நைட் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்குப் புரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக வந்த ஒரு கால்பந்து கேம், விலை 4,999 ரூபாய். டெபிட் கார்டில் கட்டினேன். ஓடிபி போட்டதும் திரை சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் "பணம் செலுத்த முடியவில்லை, மீண்டும் முயலவும்" என்றது. மீண்டும் முயன்றேன், கேம் கிடைத்தது. போனைப் பார்த்தால் பேங்கிலிருந்து இரண்டு மெசேஜ், இரண்டிலும் 4,999.

உதவி எண் என்று ஒன்று இந்தக் கம்பெனிக்கு எனக்குக் கிடைக்கவே இல்லை. சாட் மட்டும்தான். முதலில் தானாகப் பதில் சொல்லும் ஒரு பாட் (bot), நாம் எதைக் கேட்டாலும் பாஸ்வேர்டை மாற்றும் வழியைச் சொல்லும். அதைத் தாண்டி ஒரு மனிதரைப் பிடித்தேன். மன்னிப்பு மட்டும் வரிக்கு வரி கேட்டார். "எங்கள் பதிவில் ஒரே ஒரு பரிவர்த்தனைதான் தெரிகிறது. இன்னொன்று பற்றி உங்கள் வங்கியைத் தொடர்புகொள்ளுங்கள்." இதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். வங்கியிடம் போ என்று சொன்னது அவர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பேங்கில் அந்த அம்மா கணினியில் பார்த்துவிட்டு, "ரெண்டு தடவையும் அவங்க பணத்தை எடுத்திருக்காங்க சார், டிஸ்ப்யூட் போட்டுடலாம்" என்று படிவம் கொடுத்தார். பூர்த்தி செய்து கொடுத்தேன். கொஞ்ச நாளில் ஒரு 4,999 திரும்பி வந்தது. பேங்க் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

அதற்கடுத்த நைட் ஷிப்ட் முடிந்து வந்து கன்சோலைப் போட்டால் லாகின் ஆகவில்லை. கேம்களின் படங்கள் எல்லாவற்றின் மீதும் பூட்டு. கால்பந்து கேம் மட்டுமில்லை, எல்டன் ரிங்குக்கும் பூட்டு, மைன்கிராஃப்டுக்கும் பூட்டு. காரணம் என்ன என்று கேட்டால், வங்கி மூலம் பணத்தைத் திரும்பப் பெற்றது விதிமீறலாம்!

பேங்குக்குப் போகச் சொன்னதே நீங்கள்தானே என்று ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன். "முந்தைய உரையாடல்கள் குறித்து எங்களால் கருத்துச் சொல்ல இயலாது." பேங்க் ஸ்டேட்மென்ட்டை அனுப்பினேன். "இணைப்புகளை இந்தச் சாட்டில் ஏற்க இயலாது." மெயிலில் அனுப்பினேன். "சாட்டில் வாருங்கள்." ஒவ்வொரு முறையும் வேறு ஆள், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். கடைசியில் ஒருவர் கொஞ்சம் இறங்கி வந்தார். அந்த 4,999 ரூபாயைப் பாக்கியாகக் காட்டுகிறதாம், கட்டிவிட்டால் திறந்துவிடலாமாம். நியாயம் இல்லைதான். ஆனால் 41,780 ரூபாய் பொருள் அவர்கள் கையில் இருக்கிறதே, கட்டிவிடலாம் என்றே முடிவு செய்தேன். எங்கே கட்டுவது? கணக்குக்குள் போய் வாலட்டில் போட வேண்டுமாம். கணக்கைத்தான் பூட்டி வைத்திருக்கிறீர்களே? "ஆம், புரிகிறது. வேறு வசதி இல்லை." கிஃப்ட் கார்டு வாங்கினாலும் அதே கணக்கில்தான் போட வேண்டும். நேரடியாக பேங்கில் அனுப்பவும் வழி கிடையாது. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் கெஞ்ச, அவர்கள் வாங்க மாட்டேன் என்கிறார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் இன்றைய மெயில்.

கடைக்கும் போனேன். அதே பையன். "அது கம்பெனி மேட்டருங்ணா, நாங்க மெஷின் மட்டுந்தான்." ஆயுசுக்கும் உங்களுது என்று சொன்னது யார் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். முதலாளி வந்து, கன்சோலைக் கொடுத்துவிட்டு டிஸ்க் மாடல் எடுத்துக்கொள்ளுங்கள், எக்ஸ்சேஞ்சில் பார்த்துப் போட்டுத் தருகிறேன் என்றார். கேம் இல்லாத கன்சோலுக்கு அவர் சொன்ன விலையை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை.

ஒன்று கேட்கிறேன். மளிகைக் கடையில் ஒரு பில் விஷயத்தில் தகராறு வந்தால், கடைக்காரர் வீட்டுக்கு வந்து இதுவரை விற்ற அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவாரா? தகராறு 4,999 ரூபாய்க்கு. பிடுங்கியது 41,780 ரூபாய்க்கு. இதில் விற்றவரும் அவர்களே, குற்றம் சாட்டுபவரும் அவர்களே, தீர்ப்புச் சொல்பவரும் அவர்களே. டிஸ்க் டிரைவை எடுத்துவிட்டால் தயாரிப்புச் செலவு குறைகிறது என்கிறார்கள். செலவு மட்டுமா குறைகிறது? பழைய டிஸ்க் சந்தை போய்விடுகிறது, வேறு கடையில் விலை விசாரிப்பது போய்விடுகிறது, நண்பனுக்கு இரவல் கொடுப்பது போய்விடுகிறது. அந்தக் கன்சோலுக்கு கேம் வாங்க ஒரே கடைதான். அந்தக் கடையில் சண்டை வந்தால் போக்கிடம் இல்லை.

அண்ணன் பையன் மைன்கிராஃப்டில் ஒரு ஊரே கட்டி வைத்திருந்தான். ரயில் பாதை, குளம், எங்கள் பாட்டி வீட்டு மாதிரி ஒரு திண்ணை வைத்த வீடு. ஆன்லைன் சந்தாவோடு வரும் கிளவுடில்தான், அதாவது கம்பெனியின் சர்வரில்தான், அது சேமிப்பாகியிருந்தது. "சித்தப்பா, எப்ப சரியாகும்?" என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறான். இதற்கு எந்த ரீஃபண்டும் கிடையாது. 41,780 ரூபாய் கணக்கில் நான் இதைச் சேர்க்கவும் இல்லை.

இது எனக்கு மட்டும் நடப்பது என்று நினைக்காதீர்கள். 2014இல் வந்த தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் சர்வரை யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. தனியாக ஓட்டி விளையாடுவதற்கும் சர்வர் தேவைப்பட்ட கேம் அது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் எதுவும் மிஞ்சவில்லை. அந்தக் கொதிப்பில்தான் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்" (கேம்களைக் கொல்வதை நிறுத்துங்கள்) இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்திடம் கொடுத்த மனுவில் 2025 ஜூலையில் கையெழுத்து பத்து லட்சத்தைத் தாண்டியது. நின்டெண்டோ 2023 மார்ச்சில் 3டிஎஸ், வீ யூ என்ற தன் பழைய கன்சோல்களின் ஸ்டோர்களை மூடியது. மைக்ரோசாஃப்டின் பழைய கன்சோலான எக்ஸ்பாக்ஸ் 360இன் ஸ்டோர் 2024 ஜூலையில் மூடப்பட்டது. ஏற்கெனவே வாங்கியதைத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம் என்றார்கள், ஆனால் அதுவும் அவர்கள் சர்வரை ஓட்டும்வரைதான். சோனி 2021இல் பிஎஸ்3, வீட்டா என்ற தன் பழைய கன்சோல்களின் ஸ்டோர்களை மூடப்போவதாக அறிவித்து, ஆட்கள் கொந்தளித்ததும் அடுத்த மாதமே பின்வாங்கியது. கத்தினால்தான் காதில் விழுகிறது.

சட்டம் கேட்டாலும் விழும். ஆஸ்திரேலியாவில் சோனியின் ஐரோப்பிய கிளைக்கு 2020இல் ஃபெடரல் கோர்ட் 35 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. டவுன்லோடு செய்துவிட்டால், இல்லையென்றால் 14 நாள் தாண்டிவிட்டால் ரீஃபண்ட் தர வேண்டியதில்லை என்று வாடிக்கையாளர்களிடம் தவறாகச் சொன்னதற்காக! வழக்குப் போட்டது அந்த நாட்டு நுகர்வோர் ஆணையம். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. கொடுப்பது வெறும் உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் பொருளுக்கு "வாங்குங்கள்" என்று பட்டன் வைக்கக் கூடாது.

நமக்கும் சட்டம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் டிஜிட்டல் பொருளுக்கும் பொருந்தும், இந்தியாவில் விற்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கும் பொருந்தும். குறைதீர் அதிகாரி ஒருவரை வைக்க வேண்டும், புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இதைச் சாட்டில் எடுத்துப் போட்டேன். அந்த ஆள் பாஸ்வேர்டு மாற்றும் லிங்க்கை அனுப்பினார்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாக இதை மட்டும் சொல்கிறேன்.

முடிந்தால் டிஸ்க் டிரைவ் உள்ள மாடலையே வாங்குங்கள். கணக்கு முடங்கினாலும் புதுக் கணக்கு திறந்து டிஸ்க்கைப் போட்டு ஆடலாம். பெட்டிக்குள் டிஸ்க் இருக்கிறதா, டவுன்லோடு செய்வதற்கான குறியீடு (code) மட்டும் எழுதிய சீட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பணம் இரண்டு முறை போனால் பேங்கில் டிஸ்ப்யூட் போடும் முன்பு கம்பெனியிடம் "இதனால் என் கணக்கு முடங்காது" என்று எழுத்தில் வாங்குங்கள், தரவில்லை என்றால் நேராக 1915க்கு, அதுதான் தேசிய நுகர்வோர் உதவி எண். சாட் ஒவ்வொன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஜன்னலை மூடினால் அது போய்விடும். வீட்டில் இருவர் ஆடினால் தனித்தனிக் கணக்கில் வாங்குங்கள், ஒன்று போனாலும் மற்றது நிற்கும். சேமிப்பை கிளவுடை மட்டும் நம்பி விடாதீர்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், அவர்கள் அலுவலகம் எந்த நாட்டில் இருந்தாலும் சரி. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பேங்க் ஸ்டேட்மென்ட், சாட் படங்கள், இன்று வந்த மெயில் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டேன். 41,780 ரூபாயும், அந்தச் சேமிப்பும், கணக்கும் திரும்ப வேண்டும் என்று கேட்டு இந்த வாரமே போடுகிறேன். உங்களில் யாருக்காவது பேங்க் டிஸ்ப்யூட் காரணமாகக் கணக்கு முடங்கியிருந்தால் எனக்கு எழுதுங்கள், மெயிலும் தேதியும் சேர்த்து. ஒரே மாதிரிப் பதிலை இன்னும் நாலு பேருக்கும் கொடுத்திருக்கிறார்கள் என்று காட்ட எனக்கு அது வேண்டும்.