டிவி சுவருக்கு அர்பேன் பிரான்ஸா, அயர்ன் ஓரா?

ஹாலில் டிவி இருக்கும் சுவரை மட்டும் அடர்நிறமாக்கலாம் என்று முடிவானதும் கடைசிச் சுற்றில் மிஞ்சியவை மூன்று ஷேடுகள். மூன்றும் ஷெர்வின் வில்லியம்ஸ் என்ற பெயின்ட் நிறுவனத்துடையவைதான்: அயர்ன் ஓர், பெப்பர்கார்ன், அர்பேன் பிரான்ஸ் (Urbane Bronze). நான் அடித்தது அர்பேன் பிரான்ஸ். அதனால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அடர்நிறம் அறையைச் சிறிதாகக் காட்டும், வெளிச்சம் போதுமான அளவு இருக்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்த கதை. பார்க்க வேண்டிய எண் எல்.ஆர்.வி. மேலே விழும் வெளிச்சத்தில் எவ்வளவை நிறம் திருப்பி அனுப்புகிறது என்பதன் அளவு அது. கருப்பு 0 பக்கம், வெள்ளை 100 பக்கம். அயர்ன் ஓர் 6, அர்பேன் பிரான்ஸ் 8, பெப்பர்கார்ன் 10. எண்களில் மூன்றும் அக்கம்பக்கத்து வீடுகள் மாதிரி இருந்தாலும் சுவரில் ஏறியபிறகு குணம் வேறு வேறு.

பெப்பர்கார்ன் குளிர்ச்சியான சாம்பல். நல்ல வெயில் வரும் அறையில் அழகு, ஆனால் வெளிச்சம் மந்தமான அறையிலும் 4000 கெல்வின் வெள்ளை விளக்கிலும் அடியில் ஒரு நீலம், சில நேரம் ஊதா கூட, எட்டிப்பார்க்கிறது. அதை அங்கேயே கழித்துவிட்டேன். அயர்ன் ஓர் அப்படி ஏமாற்றாது. கிட்டத்தட்ட கருப்பு, ஆனால் கருப்பின் முரட்டுத்தனம் இல்லை. கதவு, ஜன்னல் சட்டம், படிக்கட்டுக் கைப்பிடி என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். முழுச் சுவர் என்றால்தான் யோசனை. பொழுது சாய்ந்ததும் டிவி எது, சுவர் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே கருப்பாகிவிடும். சிலருக்கு அதுதான் வேண்டும், சரி.

அர்பேன் பிரான்ஸ் பழுப்பு கலந்த சாம்பல், உள்ளே மெலிதாக ஒரு பச்சையும் உண்டு. 2021ஆம் ஆண்டின் நிறமாக அந்த நிறுவனம் அறிவித்தது இதைத்தான். பகலில் சாம்பல் தூக்கலாக இருக்கும், 2700 கெல்வின் மஞ்சள் விளக்கைப் போட்டால் பழுப்பு மேலே வரும். மரம், தோல், பித்தளை எது பக்கத்தில் வந்தாலும் ஒத்துப்போகும். ஜோடி சேர்ப்பதில் ஒரே எச்சரிக்கை, பளீர் வெள்ளை வேண்டாம். எக்ஸ்ட்ரா ஒயிட்டை (எல்.ஆர்.வி. 86) பக்கத்தில் வைத்தால் இது அழுக்காகத் தெரியும், அலபாஸ்டர் (82) மாதிரி கொஞ்சம் கிரீம் கலந்த வெள்ளைதான் சரி. மற்ற சுவர்களுக்கு ஆக்சஸிபிள் பீஜ் (58) போட்டால் அடர்நிறத்திலிருந்து வெள்ளைக்குக் கண் ஒரேயடியாகத் தாவ வேண்டியதில்லை.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது அழகு இல்லை, பராமரிப்பு. வீட்டுத் தூசி பெரும்பாலும் வெளிர் பழுப்புச் சாம்பல். கருப்புக்கு நெருங்க நெருங்க அது பளிச்சென்று தெரியும். அர்பேன் பிரான்ஸில் பாதி மறைந்துவிடும். ஸ்கர்ட்டிங் மேல் விளிம்பிலும் டிவி அலமாரிக்குப் பின்னாலும் இந்த வித்தியாசத்தைத் தினமும் பார்க்கலாம். அடுத்தது உரசல். அடர்நிற மேட் பெயின்டில் சோபா முதுகு படுகிற இடம், சுவிட்ச் போர்டைச் சுற்றிக் கை தேய்கிற இடம் எல்லாம் மெருகேறி பளபளப்பாகிவிடும், துடைத்தால் இன்னும் மோசம். இதில் ஷேடைவிட பினிஷ்தான், அதாவது பெயின்டின் பளபளப்பு அளவுதான் முக்கியம் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் மினுமினுக்கும் சாட்டின் போட்டால் துடைக்கலாம், ஆனால் பட்டி வேலையின் மேடுபள்ளம் பக்கவாட்டு வெளிச்சத்தில் அப்படியே தெரியும். நான் மேட்டுக்கும் சாட்டினுக்கும் நடுவில் எக்‌ஷெல்லுக்குப் போனேன்.

அடிக்கும்போதும் ஒரு விஷயம். அடர்நிறங்களைக் கலக்கும் டீப் பேஸில் டைட்டானியம் டை ஆக்சைடு மிகக் குறைவு. அடியில் இருப்பதை மறைக்கும் வேலையைப் பெரும்பாலும் அந்த வெள்ளை நிறமிதான் செய்கிறது, அதனால் முதல் கோட் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். வெள்ளை பிரைமருக்குப் பதில் சாம்பல் கலந்த பிரைமர் கேளுங்கள். டச்-அப்பில் மூன்று ஷேடும் ஒரே தொல்லை: பொட்டு வைத்தாற்போல் ஒரு இடத்தில் மட்டும் தொட்டால் அது தனியாகத் தெரியும், மூலையிலிருந்து மூலைவரை அடித்தால்தான் சேரும்.

நான் அடித்தது நல்ல வெளிச்சமுள்ள ஒரே ஒரு சுவர்தான், அறை முழுக்க அடித்துப் பார்த்ததில்லை. உங்கள் தரை நீலச் சாம்பல் டைல்ஸ், சாமான்களும் கருப்பு இரும்பு என்றால் பழுப்பு ஒட்டாது. அங்கே அயர்ன் ஓரே எடுங்கள், தூசித் துணியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.