பில்டை நிறுத்தும் உரிமையை எதற்குக் கொடுப்பது: சிஐ பைப்லைனில் பாதுகாப்பு ஸ்கேனிங், சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பின்னால் ஜாங்கோ, முன்னால் ரியாக்ட், டாக்கர் இமேஜ், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ். எங்கள் சிறிய அணியின் அமைப்பு இவ்வளவுதான். இவற்றில் கடைசியானதுதான் எங்கள் சிஐ பைப்லைன், அதாவது கோடு மாறும்போதெல்லாம் தானாக பில்டு செய்து சோதிக்கும் வரிசை. அதன் மேல் கிட்லீக்ஸ், செம்கிரெப், டிரிவி என்ற மூன்று ஸ்கேனர்களைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து ஓட்டிவருகிறோம். மூன்றுக்கும் காசு கொடுக்கவில்லை. மூன்றையும் யாமல் கோப்பில் எழுதி ஓடவைப்பது பெரிய வேலையும் இல்லை. கஷ்டமான கேள்வி ஓட ஆரம்பித்த பிறகுதான் வரும்: எந்த எச்சரிக்கை மெர்ஜை, அதாவது மாற்றத்தை மெயின் கோடோடு சேர்ப்பதை, தடுக்க வேண்டும், எது பட்டியலில் மட்டும் இருந்தால் போதும்? இதை முடிவு செய்யாத அணியில் ஸ்கேனர் ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் அதன் அறிக்கையை ஒருவரும் திறக்க மாட்டார்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முதலில் கிட்லீக்ஸைத்தான் சொல்வேன். கோடுக்குள் மாட்டிக்கொண்ட ஏபிஐ கீ, டேட்டாபேஸ் கடவுச்சொல், தனிச் சாவிகளைத் தேடும் கருவி இது. மற்ற ஸ்கேனர்கள் ‘இப்படி நடக்க வாய்ப்பு உண்டு’ என்று சொல்லும். இது ‘நடந்துவிட்டது’ என்று சொல்லும். அதனால் இதற்கு மட்டும் முதல் நாளே பில்டை நிறுத்தும் உரிமையைக் கொடுத்தோம். ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும்: கிட்ஹப்பின் செக்அவுட் ஆக்‌ஷன் இயல்பாகக் கடைசி கமிட்டை (பதிவு செய்த மாற்றத்தை) மட்டும்தான் இறக்கும். ஃபெட்ச்-டெப்த்தைப் பூஜ்யம் ஆக்கினால்தான் முழு வரலாறும் வரும். அப்படிச் செய்யாவிட்டால், முதல் கமிட்டில் கீயைப் போட்டு அடுத்த கமிட்டில் அழித்தவரின் புல் ரிக்வெஸ்ட் (மெர்ஜ் செய்யச் சொல்லும் கோரிக்கை) பச்சையாகவே தெரியும். கீயோ வரலாற்றில் பத்திரமாக இருக்கும். ரிமோட்டுக்குப் போன கீயை அழிப்பதில் பயனில்லை, அதைச் செல்லாததாக்கிப் புதியது எடுக்க வேண்டும். இதே கருவியை, கமிட் செய்யும் முன் அவரவர் கணினியிலேயே ஓடும் பிரி-கமிட்டிலும் வைத்த பிறகு, சிஐ வரைக்கும் வந்து மாட்டும் கீகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் பிரி-கமிட்டை யார் வேண்டுமானாலும் தாண்டிப் போகலாம், அதனால் சிஐயில் இருக்கும் காவலை எடுக்கவே கூடாது.

நாம் எழுதிய கோடில் ஆபத்தான வடிவங்களைத் தேடும் செம்கிரெப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பழைய ரெப்போ (கோடு களஞ்சியம்) ஒன்றில் முதல் தடவை ஓட்டினால் எச்சரிக்கைகள் நூற்றுக்கணக்கில் கொட்டும். அதை அப்படியே பில்டோடு கட்டினால் அன்றைக்கு யாராலும் எதையும் மெர்ஜ் செய்ய முடியாது. ‘தற்காலிகமாக அணைத்து வைப்போம்’ என்று யாராவது சொல்வார், அது நிரந்தரமாகிவிடும். நாங்கள் பேஸ்லைன் கமிட் வசதியைப் பயன்படுத்தினோம். மெயின் பிராஞ்ச்சோடு ஒப்பிட்டு, இந்தப் புல் ரிக்வெஸ்டில் புதிதாக நுழைந்த பிரச்சினைகளை மட்டும் காட்டச் சொல்லும் வசதி அது. பழைய பாக்கியைத் தனிப் பட்டியலாக்கி, ஸ்பிரிண்டுக்குக் கொஞ்சமாகத் தீர்த்தோம். நான் எழுதிய வரிக்கு என்னிடம் கேள்வி கேட்டால் உடனே திருத்துவேன். எவரோ எப்போதோ எழுதிய கோப்புக்காக என் மெர்ஜை நிறுத்தினால் எனக்கு ஸ்கேனர் மேல்தான் கோபம் வரும். இந்த வேறுபாட்டை மதித்ததால்தான் எங்கள் அணியில் இது நிலைத்தது.

ஆனால் செம்கிரெப்பின் உண்மையான பலம் பொது ரூல்களில் இல்லை, நாமே எழுதும் ரூல்களில் இருக்கிறது. எங்கள் செயலியில் பல வாடிக்கையாளர் நிறுவனங்களின் தரவு ஒரே டேட்டாபேஸில் இருக்கிறது. எந்த வினவலும் நிறுவன ஃபில்டர் வழியாகத்தான் போக வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. உலகத்தில் எந்த ஆயத்த ரூல் தொகுப்புக்கும் இது தெரியாது. பைத்தான் கோடு மாதிரியே எழுதப்படும் ஒரு பேட்டர்ன், அதற்குக் கீழே ஒரு செய்தி, அவ்வளவுதான் ரூல். ஃபில்டரைத் தாண்டி மாடலை நேரடியாகத் தொட்டால், எந்த ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும் என்று அந்தச் செய்தியே சொல்லிக்கொடுக்கும். கர்சரின் எக்ஸிக்யூட்டுக்குள் எஃப்-ஸ்டிரிங் போட்டு எஸ்க்யூஎல் கட்டுவதற்கும் இப்படியே ஒன்று உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்கள் எங்கள் விதிகளைக் கற்றது ஆவணத்தைப் படித்து அல்ல, இந்தச் செய்திகளைப் பார்த்துத்தான். ஒரு பக்கைச் சரிசெய்த கையோடு, அது திரும்ப வராதபடி ரூல் எழுத முடியுமா என்று கேட்பது இப்போது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

எல்லையும் உண்டு. இலவசப் பதிப்பு பெரும்பாலும் ஒரு ஃபங்ஷனுக்குள்தான் தரவின் ஓட்டத்தைப் பின்தொடரும். ஒரு கோப்பில் வாங்கிய உள்ளீடு மூன்று கோப்பு தாண்டி வினவலில் போய் விழுந்தால் அதன் கண்ணில் படாது. அதற்கு கிட்ஹப்பின் கோட்கியூஎல் ஸ்கேனர் மேல். கோடு முழுவதையும் ஒரு டேட்டாபேஸாக மாற்றி, கோப்பு விட்டுக் கோப்பு பின்தொடரும். நேரம் அதிகம் பிடிக்கும். பொது ரெப்போக்களுக்கு இலவசம், தனியார் ரெப்போக்களுக்குக் கட்டண உரிமம் வேண்டும். எங்கள் திறமூல நூலகங்களில் மட்டும் அதை இரவில் ஓட்டுகிறோம். 2024 டிசம்பரில் செம்கிரெப் தன் ரூல்களின் உரிமத்தை மாற்றியதும், 2025 ஜனவரியில் சில பாதுகாப்பு நிறுவனங்கள் சேர்ந்து ஓப்பன்கிரெப் என்ற கிளையைத் தொடங்கின. சொந்தக் கோடைச் சோதிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த மாற்றத்தால் பாதிப்பில்லை. ரூல்களை விற்பனைப் பொருளில் சேர்ப்பவர்கள் உரிமத்தைப் படித்துவிடுவது நல்லது.

இன்னொரு குறை கருவியின் குறையல்ல. செயலிப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் 2021 ஆபத்துப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பது அணுகல் கட்டுப்பாட்டுச் சிக்கல். யூஆர்எல்லில் இருக்கும் எண்ணை மாற்றி அடுத்தவரின் பில்லைப் பார்ப்பது அந்த வகைதான். அந்த பில் யாருடையது என்பது ஸ்கேனருக்கு எப்படித் தெரியும்? அதற்கு டெஸ்ட் எழுத வேண்டும், ரிவ்யூவில் ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

டிரிவி, நாம் எழுதாத கோடைப் பார்க்கிறது: பிப், என்பிஎம் நூலகங்கள், டாக்கர் இமேஜில் உள்ள லினக்ஸ் பேக்கேஜ்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தின் லாக்4ஷெல் ஓட்டை வெளியானபோது, ஒரு வரி கூட மாறாத ஜாவா செயலிகள் ஒரே இரவில் ஆபத்தானவையாக மாறின. அதன் சிவிஎஸ்எஸ் (தீவிர அளவு) மதிப்பு 10க்கு 10. கோடு மாறும்போது மட்டும் ஸ்கேன் செய்வது போதாது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அதனால் புல் ரிக்வெஸ்டில் ஒரு தடவை, தினமும் காலையில் கிரான் கால அட்டவணையில் ஒரு தடவை என்று இரண்டு இடத்தில் ஓட்டுகிறோம். பொது ரெப்போ அறுபது நாள் அசைவில்லாமல் இருந்தால் கிட்ஹப் அந்தக் கால அட்டவணையை நிறுத்திவிடும். நிறைய பேருக்கு இது தெரிவதில்லை.

டிரிவியின் பெரிய தொல்லை சத்தம். டெபியன் அடிப்படை இமேஜை எடுத்தால், இன்னும் திருத்தமே வராத சிவிஇக்கள் (எண் கொடுத்துப் பதிவான பாதுகாப்பு ஓட்டைகள்) வரிசை கட்டி நிற்கும். நம்மால் செய்ய எதுவும் இல்லாத ஒன்றுக்காக பில்டை நிறுத்துவது நியாயமில்லை. திருத்தம் வந்திருக்க வேண்டும், தீவிரம் ஹை அல்லது கிரிட்டிக்கல் ஆக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் தடுக்கிறோம். அமெரிக்காவின் சிசா அமைப்பு வெளியிடும் கேஇவி பட்டியலில் இருப்பவை, அதாவது தாக்குதலில் ஏற்கெனவே பயன்பட்டவை, வந்தால் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அதைப் பார்க்கிறோம். ஸ்லிம் இமேஜுக்கு மாறியதும் பட்டியல் நன்றாகவே சுருங்கியது. டிரிவியின் தரவுத்தளத்தைக் கேஷ் செய்து வையுங்கள். ஒவ்வொரு ஜாபும் அதை இறக்கப் போனால், கோரிக்கை வரம்பில் மாட்டி, காரணமில்லாமல் பில்டு விழும்.

எச்சரிக்கையை ஒதுக்கும் வழியையும் முறைப்படுத்தினோம். நோசெம்கிரெப் என்று கமென்ட் போட்டால் அதே வரியில் காரணம் எழுத வேண்டும். டிரிவியின் விலக்குக் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் காலாவதித் தேதி போட வேண்டும். காரணம் இல்லாத விலக்கை ரிவ்யூவில் திருப்பி அனுப்புகிறோம்.

அடுத்தது நான் அதிகம் கவலைப்படும் விஷயம். ஸ்கேனரும் பிறர் எழுதிய கோடுதான். அதுவும் நம் டோக்கன்களுக்குப் பக்கத்திலேயே ஓடுகிற கோடு. 2025 மார்ச்சில் டிஜே-ஆக்‌ஷன்ஸின் சேஞ்ச்டு-ஃபைல்ஸ் என்ற ஆக்‌ஷனைத் தாக்கியவர்கள், அதன் பழைய பதிப்பு டேக்குகளையே தீய கமிட் ஒன்றுக்குத் திருப்பிவிட்டார்கள். அதைப் பயன்படுத்திய பைப்லைன்களின் ரகசியங்கள் பில்டு லாக்கில் கொட்டின. சுமார் 23,000 ரெப்போக்கள் அந்த ஆக்‌ஷனைப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. வேலியே பயிரை மேய்ந்த கதை. நல்ல கமிட்டின் முழு ஹாஷை (மாற்ற முடியாத அடையாள எண்ணை) குறித்து வைத்திருந்தவர்களை டேக் மாற்றம் தொடவில்லை. நாங்கள் இப்போது எந்த ஆக்‌ஷனையும் டேக்கால் கூப்பிடுவதில்லை, முழு ஹாஷ்தான். புதிய பதிப்பு வந்தால் டிபென்டாபாட் அந்த ஹாஷை மாற்றிப் புல் ரிக்வெஸ்ட் போடும். ஸ்கேன் ஜாபின் டோக்கனுக்குப் படிக்கும் அனுமதி மட்டும். டிப்ளாய் ரகசியங்கள் அந்த ஜாபுக்குள் வருவதே இல்லை. வெளியார் ஃபோர்க்கிலிருந்து (ரெப்போவின் நகலிலிருந்து) வரும் கோடை, புல்-ரிக்வெஸ்ட்-டார்கெட் நிகழ்வில் செக்அவுட் செய்து ஓட்டுவதை அடியோடு தடை செய்திருக்கிறோம். அந்த நிகழ்வில் ரகசியங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

அண்மையில் முன்பு ஓவாஸ்ப் திட்டமாக இருந்த ஸாப் கருவியின் பேஸ்லைன் ஸ்கேனையும் ஸ்டேஜிங் (வெளியிடும் முன் சோதிக்கும்) தளத்தில் சேர்த்தோம். அது ஓடும் செயலியைத் தாக்காமல், பக்கங்களைச் சுற்றிவந்து ஹெட்டர், குக்கி குறைகளைச் சொல்கிறது. லாகின் தாண்டி உள்ளே போகவைக்கத் தனியாக உழைக்க வேண்டியிருக்கிறது, அந்த வேலை இன்னும் முடியவில்லை. அதுவரை ஸாப் அறிக்கை தரட்டும். மெர்ஜை நிறுத்தும் உரிமையை அதற்கு இன்னும் கொடுக்கவில்லை.