பச்சை புட்டியா, பைப்பு அடைக்கிற புட்டியா? மினியேச்சர் மாத்த ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு ரிவ்யூ

முதல்லயே தீர்ப்ப சொல்லிடுறேன், பொறுமை இல்லாதவங்க இதோட கெளம்பிடலாம். கேமிங் மினியேச்சர, அதாவது மேசை விளையாட்டுல நகத்துற குட்டி பொம்மைய, வெட்டி ஒட்டி வேற ஆளா மாத்துற வேலைக்கு புதுசா எறங்குறீங்கன்னா க்ரீன் ஸ்டஃப்னு சொல்ற வெளிநாட்டு பச்சை புட்டிய (பாட்டில் இல்ல, பிசைஞ்சு வச்சா இறுகுற putty) இப்பவே வாங்காதீங்க. தென்காசி செங்கோட்டை மாதிரி ஊர்ல ஹார்ட்வேர் கடையில தொங்குற எம்சீலும், கிராஃப்ட் சாமான் கடையில கெடைக்கிற ஃபெவிக்ரில் மோல்டிட்டும் முதல் நாலஞ்சு பொம்மைக்கு தாராளம். பச்சை புட்டி நல்ல சரக்குதான், அதுல சந்தேகமே இல்ல, ஆனா அது எந்த வேலைக்கு நல்லதோ அந்த வேலையே உங்களுக்கு ஆரம்பத்துல வராது.

எதுக்கு இதெல்லாம்னு கேட்டீங்கன்னா, நாங்க ஒரு செட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுறோம் (ஆளுக்கொரு பாத்திரமா மேசைய சுத்தி உக்காந்து கதை சொல்லி ஆடுற விளையாட்டு), பாதி பேர் செங்கோட்டை பாதி பேர் புனலூர், ஒரு வாரம் அவங்க மலையெறங்கி வருவாங்க ஒரு வாரம் நாங்க போவோம் (2018ல பிராட்கேஜ் ஆகி ட்ரெயின் திரும்ப ஓட ஆரம்பிச்சதுல இருந்து இது சுலபம்). எங்க கதையில ஊர் எல்லையில நிக்கிற ஒரு காவல் தெய்வம் வருது, முறுக்கு மீசை, கையில அரிவாள், நம்ம மாடன் மாதிரி. இப்படி ஒரு 28 மில்லிமீட்டர் பொம்மை எந்த கம்பெனிகிட்டயும் எங்க கண்ணுல படல. சரி, ஒரு பிளாஸ்டிக் போர்வீரனப் புடிச்சு மாத்திடுவோம்னு எறங்கினோம், அதுல மூணு புட்டியையும் ஓட்டிப் பாத்தாச்சு.

எம்சீல். ரெண்டு துண்டு வரும், சம அளவு எடுத்து ஒரே கலர் ஆகுற வரைக்கும் பிசையணும், கோடு கோடா தெரிஞ்சா இன்னும் பிசையணும்னு அர்த்தம். வெல ரொம்ப கம்மி, எந்த ஊர்லயும் கெடைக்கும். நான் அடிக்கடி போயி வாங்குறதப் பாத்து கடை அண்ணாச்சி "ஏ தம்பி, ஒங்க வீட்டுல எத்தன பைப்புதான்டே ஒழுகுது?"ன்னு கேட்டாரு, பொம்மைக்கு மீசை வைக்கிறேன்னு சொன்னா நம்பவா போறாரு, ஆமா அண்ணாச்சின்னு வந்துட்டேன். குறைன்னு பாத்தா, இது ஒழுகுறத அடைக்க செஞ்ச சாமான், சிலை செதுக்க இல்ல. கொஞ்சம் சொரசொரன்னு இருக்கும், நம்ம ஊரு வெயில்ல அரை மணிக்குள்ள வேலைய முடிச்சிடணும், அதுக்கு மேல சொன்ன பேச்சு கேக்காது. ஆனா இறுகிட்டா கல்லு. அரத்தால ராவலாம், துளை போடலாம். பொம்மை நிக்கிற பேஸ் மேல பாறை, மரத்தோட வேர், வெட்டி ஒட்டுன எடத்துல இருக்குற பெரிய சந்து, இதுக்கெல்லாம் இதுவே போதும்.

மோல்டிட் அதுக்கு ஒரு படி மேல. பானையில டிசைன் ஒட்டுறது, மியூரல் பண்றது, இதுக்கு வாங்குவாங்க பாத்தீங்களா, அதேதான், பழைய ஆளுங்க ஷில்ப்கார்னு கேப்பாங்க. வெள்ளையா, எம்சீல விட நைஸா இருக்கும், வெரல தண்ணியில தொட்டு தடவுனா வழுவழுன்னு ஆகும். நான் தோள்பட்டைய அகலமாக்கவும் வயித்த கொஞ்சம் முன்னாடி தள்ளவும் இதத்தான் போட்டேன். மெலிசா இழுத்தா மட்டும் உடையும், அதனால வெரல், கயிறு மாதிரி சின்ன சமாச்சாரத்துக்கு வேண்டாம். வேல்ஸ்ல தயாராகுற மில்லிபுட்டும் கிட்டத்தட்ட இதே குணம்தான், இன்னும் நைஸ், ஆனா ஆரம்பத்துல அந்த காசு தேவையில்ல.

இப்ப பச்சைக்கு வருவோம். நீடடைட்னு பேரு, எல்லாரும் க்ரீன் ஸ்டஃப்னுதான் சொல்லுவாங்க. நீலம் ஒரு பட்டை மஞ்சள் ஒரு பட்டை, ரெண்டும் சேந்தா பச்சை. மஞ்சள் கொஞ்சம் தூக்கலாப் போட்டா மெதுவா, வளையுற மாதிரி இருக்கும், நீலம் தூக்கலா இருந்தா கெட்டியா இறுகும். ரிப்பனா வாங்குனா ரெண்டு கலரும் ஒட்டியிருக்குற நடுக்கோட்டுல ஏற்கனவே இறுகிப்போயிருக்கும், அந்த ஓரத்த ரெண்டு மில்லிமீட்டர் வெட்டி எறிஞ்சிட்டுத்தான் பிசையணும், இல்லன்னா உள்ள மணல் மணலா மாட்டும். எனக்கு ஆன்லைன்ல ஒருத்தன் அனுப்புனது பாதி ரிப்பன் வரைக்கும் இறுகிப்போன பழைய சரக்கு, திருப்பி எடுக்கவும் மாட்டேன்னுட்டான். அதனால முடிஞ்சா தனித்தனி கலரா வர்ற பாக்கெட்ட பாத்து வாங்குங்க.

பிசைஞ்ச உடனே சூயிங்கம் மாதிரி எல்லாத்துலயும் ஒட்டும், புதுசா தொடுறவங்க இங்கதான் வெறுத்துப் போறாங்க. அப்படியே ஒரு கால் மணி, இருபது நிமிஷம் விட்ருங்க, அப்புறம்தான் அது சொன்னத கேக்கும். மொத்தத்துல ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் வேல செய்யலாம், முழுசா இறுக ஒரு நாள், வெயில் காலத்துல இன்னும் சீக்கிரம். டூல எப்பவும் ஈரமா வச்சிக்கணும், இல்ல வாசலின் துளியூண்டு, அதுவும் பெயின்ட் அடிக்க முன்னாடி சோப்பு போட்டு கழுவிடணும், இல்லன்னா பெயின்ட் புடிக்காது.

மீசை எப்படின்னா, கடுகு சைஸ் உருண்டை எடுத்து ஈரமான கண்ணாடி மேல நூலா உருட்டணும், ரெண்டு முனையும் ஊசியா வரணும். நடுவுல பிளேடால வெட்டுனா ரெண்டு பாதி. வெட்டுன தடிப்பக்கம் மூக்குக்கு கீழ, கூர்முனை கன்னத்துப் பக்கம், ஊசி முனையால தூக்கி வைங்க, வெரல் பக்கத்துலயே வரக்கூடாது. வச்சதும் தடிப்பக்கத்த ஊசியோட பக்கவாட்டால லேசா அமுக்குனா முகத்துல புடிச்சிக்கும், அப்புறம் முடி மாதிரி மூணு நாலு கோடு, கடைசியா கூர்முனைய மேல சுருட்டி விடணும். சுருட்டும்போது எம்சீலா இருந்தா முறிஞ்சிருக்கும், மோல்டிட்டா இருந்தா பிஞ்சிருக்கும், பச்சை மட்டும் அப்படியே வளைஞ்சு நிக்கும். இந்த ஒரு குணத்துக்குத்தான் அந்த காசு. முடி, தாடி, துணி மடிப்பு, கயிறு, இதுக்கெல்லாம் பச்சைய அடிச்சிக்க ஆளில்ல.

வேட்டியும் இதுலதான் செஞ்சோம், ரெண்டு பிளாஸ்டிக் கவருக்கு நடுவுல தண்ணி தடவி மெலிசா தேச்சு, அரை மணி ஆறவிட்டு, அப்புறம் பட்டையா வெட்டி இடுப்புல சுத்தி உருண்டை முனை டூலால மடிப்ப அமுக்குனோம். மடிப்பெல்லாம் இடுப்பு முடிச்சுல இருந்து கெளம்பி விரியணும், இஷ்டத்துக்கு கோடு போட்டா துணியாவே தெரியாது, கண்ணாடி முன்னாடி நீங்களே வேட்டிய மடிச்சு கட்டிப் பாருங்க.

ஆனா அரிவாள பச்சையில செய்யாதீங்க. அது இறுகுன பிறகும் ரப்பர் குணம் போகாது, அரம் போட்டா நார் நாரா வரும், கூர் விளிம்பு கெடைக்கவே கெடைக்காது. கிட்டுல பொம்மையோட உறுப்பெல்லாம் ஒட்டி வர்ற பிளாஸ்டிக் ஃப்ரேம் இருக்கே, தூக்கிப் போடுவோமே, அதுல ஒரு தட்டையான துண்ட வெட்டி ராவுனா அரிவாள் ரெடி. உண்மையில புதுசா வர்றவங்க பாதி வேலைய இப்படி வெட்டி ஒட்டியே முடிச்சிடலாம், தலைய மாத்துறது, கைய திருப்புறது, ஆயுதத்த மாத்துறது, புட்டி அந்த சந்த மூட மட்டும். புட்டியில முழு ஆள செதுக்குறதெல்லாம் அதுக்கப்புறம் வர்ற கதை.

வெட்டுறதுக்கு ஹாபி கத்தி தேடி அலைய வேண்டாம், மெடிக்கல்ல சர்ஜிகல் பிளேடு 11ம் நம்பர், அதுக்கு 3ம் நம்பர் கைப்பிடி. பிளேட கட்டைவெரல் பக்கம் இழுக்காதீங்க, அவ்ளோதான். டூல்ஸ் செட்டுக்கு காசு போடுறதுக்கு பதிலா தையல் ஊசி, டூத்பிக், பல் டாக்டர்ங்க மெழுகு செதுக்குற கரண்டி ஒண்ணு போதும். சின்ன அரமும் கையால சுத்துற ட்ரில்லும் நகை பட்டறைக்கு சாமான் விக்கிற கடையில அருமையா கெடைக்குது, தென்காசியில இல்லன்னா புனலூர்ல எங்க சேட்டன்மாருகிட்ட சொல்லி வாங்குவேன். ட்ரில் எதுக்குன்னா, திருப்பி ஒட்டுன கை சும்மா பசையில நிக்காது, ரெண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் துளை போட்டு ஜெம் கிளிப் கம்பிய உள்ள வச்சு ஒட்டுனாதான் மேசையில இருந்து விழுந்தாலும் தாங்கும். வார்ஹாமர்ங்கிற போர் விளையாட்டு பொம்மை மாதிரி பிளாஸ்டிக் கிட்டுக்கு பிளாஸ்டிக் சிமெண்ட், அது பிளாஸ்டிக்க உருக்கி ஒண்ணா சேத்துடும். ரெசின், உலோகம்னா அது வேலைக்காகாது, ஃபெவிக்விக்தான்.

எது வாங்குனாலும் க்ளவுஸ் போடுங்க. இந்த புட்டி எல்லாமே எப்பாக்ஸிதான், இறுகாத எப்பாக்ஸி சிலருக்கு தோல்ல அரிப்பு கெளப்பும், கொஞ்ச நாள் ஒண்ணும் பண்ணாம திடீர்னு ஒத்துக்காம போறதும் உண்டு. ராவும்போது மாஸ்க். அப்புறம் ஆரியங்காவு கணவாய் வழியா சாரல் அடிக்கிற சீசன்ல ஸ்ப்ரே ப்ரைமர் (பெயின்ட்டுக்கு முன்னாடி அடிக்கிற அடிப்பூச்சு) பக்கமே போகாதீங்க, ஈரக்காத்துல மேல வெள்ளையா பூத்துப்போயி மீசைக்கோடு எல்லாம் மூடிடும், அந்த மாசங்கள்ல பிரஷ்ஷால அடிக்கிற ப்ரைமர்தான் சரி.

பச்சைய வாங்கியே தீருவேன்னு நிக்கிறவங்க ரெண்டு மூணு பேரா சேந்து ஒரு பாக்கெட்ட பங்கு போடுங்க, ஒரு பொம்மைக்கு கோலிகுண்டு அளவு கூட செலவாகாது. மிச்சத்த நீலம் தனி மஞ்சள் தனியா காத்து போகாம சுத்தி ஃப்ரீசர்ல வச்சா ரொம்ப நாள் கெடாம இருக்கும். வைக்கிறதுக்கு முன்னாடி டப்பா மேல என்னன்னு எழுதி ஒட்டிடுங்க, எங்க வீட்ல எங்கம்மா மஞ்சள் பட்டைய பாத்து "இது என்னல, கெட்டுப்போன வெண்ணெயா?"ன்னு குப்பைக்கு எடுத்துட்டாங்க, நல்லவேளை அந்நேரம் நான் அடுப்படியிலதான் நின்னேன்.