கிளினிக் கொப்பியும் நான் கொண்டுபோன என்வலப்பும்

2024 ஆவணியில் மூன்று கிழமை ஊரில் நின்றேன். விசுவமடுவில் ஏ35 வீதியிலிருந்து இறங்கி, கிரவல் பாதையால் கொஞ்சத் தூரம் போனால் எங்கள் காணி. தம்பியின் மனைவிக்கு அப்போது 11 கிழமை. வயது 38, முதல் பிள்ளை. லண்டனிலிருந்து புறப்படும்போதே அவவுக்கென்று ஒரு என்வலப்பில் காசு வைத்துக் கொண்டுபோனேன், வயிற்றிலுள்ள பிள்ளைக்கு டவுன் சின்ட்ரோம் இருக்கும் வாய்ப்பைப் பார்க்கும் என்.ஐ.பி.ரி இரத்தப் பரிசோதனை செய்விக்க. அவவிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

அந்த அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. 2022இல் என் இரண்டாவது பிள்ளைக்கு 12ஆம் கிழமை ஸ்கானும் இரத்தமும் பார்த்துவிட்டு, டவுன் சின்ட்ரோம் இருக்கும் வாய்ப்பு 90இல் 1 என்றார்கள். இங்கிலாந்தில் வாய்ப்பு 150இல் 1 அல்லது அதற்கு மேல் என்றால் அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ் இந்த என்.ஐ.பி.ரி பரிசோதனையை இலவசமாகத் தருகிறது, 2021இல்தான் தொடங்கினார்கள். 10ஆம் கிழமைக்குப் பிறகு தாயின் இரத்தத்தில் கலந்திருக்கும் டி.என்.ஏ துணுக்குகளைப் பார்க்கிறார்கள். முடிவு வரும்வரை நான் நித்திரை கொள்ளவில்லை. அம்மாவுக்குச் சொல்லவுமில்லை. சொல்லியிருந்தால் நேர்த்திக்கடன், சாத்திரி, அழுகை என்று வீடே கிளம்பியிருக்கும். பிள்ளைக்கு வாய்ப்புக் குறைவு என்று வந்தது. அந்த நிம்மதியை மச்சாளுக்கும் வாங்கிக்கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

ஊருக்குப் போன பிறகுதான் வீட்டில் இந்தப் பேச்சு எனக்கு முன்னமே ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. மச்சாளின் கடைசித் தம்பிக்கு டவுன் சின்ட்ரோம். 23 வயது. பின்நேரம் கோழிகளை எண்ணி அடைத்துவிட்டு, படலையைச் சாத்திக் கம்பிக் கொளுவியைப் போட்டு, போட்டது சரிதானா என்று திரும்பவும் இழுத்துப் பார்ப்பான். 2009இல் அவனுக்கு 8 வயது. தாய் அவனை இடுப்பில் சுமந்துகொண்டுதான் புதுமாத்தளன் பக்கத்தால் வெளியே வந்தவ. பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தண்ணீர் வரிசையில் நிற்கும்போதும் கையை விட்டதில்லையாம்.

அவனை வைத்துத்தான் என் அம்மாவுக்குப் பயம். "அவையின்ர வழியில இருக்கு. இந்தப் பிள்ளைக்கும் வந்தா நாளைக்கு சின்னவளை ஆர் கேட்டு வருவினம்?" என்று என்னிடம் குசுகுசுத்தா. சின்னவள் என்றால் என் பெறாமகள், இன்னும் கலியாணமாகாதவள். மச்சாளின் தாய் அதற்கு நேர்மாறு: "கடவுள் தந்ததை ஏன் சோதிக்கிறியள்? ஊசி குத்தினா பிள்ளை கலைஞ்சுபோம்." கனடாவிலிருக்கும் பெரியம்மா வாட்ஸ்அப்பில் நாளுக்கொரு குரல்பதிவு. தம்பி மட்டும் வாய் திறக்கவேயில்லை. ஆனால் அவன் பேசாமல் இருந்ததும் மச்சாளை நெருக்கியது.

இந்தப் பேச்சில் பாதி பிழையான விளக்கத்தில் நின்றது. டவுன் சின்ட்ரோம் பெரும்பாலும் பரம்பரையால் வருவதல்ல. அது உள்ள 100 பேரில் 95 பேருக்கு 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைந்ததால் வருவது. தாயின் வயது கூடக்கூட வாய்ப்புக் கூடும். 35 வயதில் ஏறக்குறைய 350இல் 1, 40 வயதில் 100இல் 1. அவன் பிறக்கும்போது தாய்க்கு 41. இதை அம்மாவுக்கு அடுப்படியில் இருந்து விளங்கப்படுத்தினேன். ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, "எண்டாலும்" என்றா. ஊசி என்று அவை பயந்தது வயிற்றில் ஏற்றி, பிள்ளையைச் சுற்றியுள்ள நீரை எடுப்பதை. என்.ஐ.பி.ரிக்குக் கையில் இரத்தம் எடுத்தால் போதும், பிள்ளைக்கு ஆபத்தில்லை. ஆனால் அது உறுதியான பதிலல்ல. வாய்ப்புக் கூட என்று வந்தால் நீர் எடுத்துத்தான் உறுதிப்படுத்த வேண்டும். அதில் பிள்ளை கலையும் ஆபத்து 100இல் 1ஐ விடக் குறைவு.

இரண்டாம் கிழமை நான் வற்புறுத்தி ஒரு தனியார் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அறைக்குள் நான், தம்பி, அம்மா, மச்சாள் நாலு பேரும். டொக்டர் என்னைப் பார்த்தே கதைத்தார். "இந்த வயசுக்குச் செய்யிறது நல்லம்." ஆங்கிலப் படிவத்தைத் தம்பியிடம் நீட்டினார்கள். வயிற்றில் ஜெல் காயாமல் கட்டிலில் படுத்திருந்தவவிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு உள்ளே சுட்டது அது. இரத்தத்தை இன்றைக்கே எடுக்கவா என்றபோது, "வீட்டை போய்ச் சொல்லுறம்" என்று மச்சாள்தான் சொன்னா. அன்று அவ வாய் திறந்தது அதற்கு மட்டும்தான்.

இரண்டு நாள் கழித்து மிட்வைப் ஸ்கூட்டியில் வந்தா. இலங்கையின் தாய் சேய் சேவையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எச்.ஐ.வியும் சிபிலிசும் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடென்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்திருக்கிறது. அந்த வேலை இப்படிப் படலை படலையாக ஏறி இறங்கும் பெண்களால் நடந்தது. சொப்பின் பையில் சுற்றி வைத்திருந்த கிளினிக் கொப்பியை மச்சாள் எடுத்துக் கொடுத்தா. சத்துக் குளிசை, திரிபோஷ சத்துமா, பிறசர், நிறை எல்லாம் மிட்வைப் பார்த்து எழுதினா. பிறகு தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தா.

"எல்லாரும் கொஞ்ச நேரம் வெளியில இருங்கோ. நான் பிள்ளையோட கதைக்க வேணும்."

அம்மாவுக்கு முகம் சுருங்கியது. லண்டன்காரி என்று எனக்கும் சலுகை இல்லை. நாங்கள் மாமரத்துக்குக் கீழ் கதிரை போட்டு இருந்தோம். 25 நிமிடம். உள்ளே ஒருக்கால் அழுகைச் சத்தம் கேட்டது, பிறகு சிரிப்பும்.

என்ன கதைத்தார்கள் என்று மச்சாள் பிறகு கிணற்றடியில் தானாகச் சொன்னா. மிட்வைப் செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லையாம். "முடிவு வந்தா அதை வைச்சு என்ன செய்யப் போறீர் எண்டு யோசிச்சனீரோ" என்றுதான் கேட்டாவாம்.

"நான் யோசிச்சுப் பாத்தன் மச்சாள். இஞ்ச தாயின்ர உயிருக்கு ஆபத்தெண்டா மட்டும்தானே கலைக்கலாம், சட்டம் அப்பிடித்தானே. உங்களுக்கு அங்க ரெண்டு வழி இருந்தது. எனக்கு அந்தக் காகிதம் வந்தா ஆறு மாசத்துக்கு எல்லாரும் என்ர வயித்தைத்தான் பாப்பினம்."

அந்தச் சட்டம் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை. லண்டனிலிருந்து காசைக் கொண்டுபோன நான் இதை ஒருமுறைகூட எண்ணிப் பார்க்கவில்லை. முன்கூட்டித் தெரிந்தால் மனதைத் தயார்படுத்தலாம், இருதய ஓட்டை இருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் பெறலாம் என்று நான் சொன்னேன். அதற்கு 20ஆம் கிழமை அளவில் செய்யும் ஸ்கான் இருக்கிறது, அதை மிட்வைப் கொப்பியிலே எழுதிவிட்டா என்றா. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்குச் சோதிக்க அவவும் தம்பியும் இரத்தம் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள். இருவரும் காவிகள், அதாவது நோயில்லாமல் அதன் மரபணுவை மட்டும் கொண்டவர்கள், என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த நோய் வர 25 வீதம் வாய்ப்பு. எதைக் கவனிக்க வேண்டும் என்று அவவுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

"என்ர தம்பியை வளர்த்தனான். எனக்கு அதில பயமில்லை. உங்கட சனம் கதைக்கிறதுதான் பயம்."

உங்கட சனம் என்றது எங்களை. என்னையும்தான்.

புறப்படுவதற்கு முதல் நாள் என்வலப்பை என் கைப்பைக்குள் அவவே திருப்பி வைத்தா. "வைச்சிருந்தா ஒவ்வொரு கோலிலயும் கேப்பியள் மச்சாள்." நான் மறுக்கவில்லை. 20ஆம் கிழமை ஸ்கானுக்கு நிற்கிறதென்றால் கூட வரச் சொன்னா, உள்ளுக்கு மட்டும் தான் தனியப் போறதாம்.

கொப்பியில் திகதி எழுதியிருந்தது. அதற்கு எத்தனையோ கிழமை முன்னமே எனக்குப் பிளைற்.